டெலஸ்ஃபோரின் வலது பை

1
இந்தக் கதை என் தலைமுடியால் கிடைத்தது. கனடாவின் லாக் ரெனார் ஊருக்குப் படிக்க வந்து மூன்றாவது குளிர்காலம். எனக்கு முடி வெட்டியவர் தன் கொள்ளுத்தாத்தா டெலஸ்ஃபோரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். முடி தீர்ந்ததும் கதையையும் நிறுத்திவிட்டார்.

2
'1910. வெண்பனி ஊரைப் போர்த்தி...'
(வேண்டாம். இந்த ஊரில் பனியை வர்ணிக்க மாட்டார்கள், அள்ளிக் கொட்டுவார்கள்.)

சரி, இப்படித் தொடங்குகிறேன். நான்கு சுரங்க ஊர்கள் சேர்ந்து, ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் கொடுத்து, ஐஸ் ஹாக்கி லீக் ஆரம்பித்த முதல் வருஷம். வலைக்குப் பின்னால் நின்று, ரப்பர் வட்டு கோட்டைத் தாண்டினால் கைக்குட்டையை உயர்த்த ஓர் ஆள் வேண்டும். ஊர் கூடிச் சவரக்கடை டெலஸ்ஃபோரைப் பிடித்தது.

"கழுத்தையே நீட்டிட்டு உக்கார்றோம். ஒரு கோலுக்கா உன்னை நம்பமாட்டோம்?" என்றார் ரொட்டிக்கடை அர்மான்.

"நம்புறவன் எதுக்குய்யா கண்ணைத் திறந்துவச்சுக்கிட்டே சவரம் பண்ணிக்கிறே?"

3
கோல்கீப்பர் ஓவிலா, டெலஸ்ஃபோரின் மருமகன். (முதல் வரைவில் இவன்தான் வில்லன். சரிப்படவில்லை. மீசையில் எந்நேரமும் பட்டாணி சூப்.) வெள்ளிச் சுரங்கத்தில் வாங்கிவந்த இருமல், லீக்கில் சேர்ந்த பிறகுதான் அடங்கியது. கடைசி ஆட்டத்தில் தோற்கும் அணியைக் கலைத்துவிடுவார்கள். அப்புறம் ஓவிலாவுக்கு மறுபடி சுரங்கம்தான்.

4
அந்தக் கடைசி ஆட்டம். நாலுக்கு நாலு. சமனில் முடிந்தாலே எங்கள் அணி பிழைக்கும். கடைசி நிமிஷத்தில் வட்டு ஓவிலாவின் கால்களுக்கு நடுவே புகுந்தது. அவன் மட்டையால் ஒரே இழுப்பில் வெளியே தள்ளிவிட்டான். அதற்குள் அது கோட்டை ஒரு சவரக்கத்தி அகலம் தாண்டியதை டெலஸ்ஃபோர் மட்டும் பார்த்தார்.

"டெலஸ்ஃபோர்! குளிருது பாரு, கையைப் பையிலேயே வச்சுக்கோ!" என்று கத்தினார் அர்மான்.

ஓவிலா திரும்பினான். "மாமா, என் மூஞ்சியைப் பாக்காதீங்க."

5
முடிவு அ: கைக்குட்டை உயர்கிறது. ஊரே தாடி வளர்க்கிறது. ஓவிலா...
(இருமலை எழுத எனக்கு மனம் வரவில்லை.)

முடிவு ஆ: உயரவில்லை. மறுநாள் அர்மான் கடைக்கு வந்து, முதன்முறையாகக் கண்ணை மூடிக்கொண்டு கழுத்தை நீட்டுகிறார். டெலஸ்ஃபோர் கத்தியை மடக்கி வைத்துவிடுகிறார்.

6
முடி வளர்ந்ததும் போய், கைக்குட்டை உயர்ந்ததா என்று கேட்டேன். "எங்க வீட்டுல ஆளுக்கொரு முடிவு வச்சிருக்கோம், தம்பி. தலையை ஆட்டாதீங்க," என்றார் கொள்ளுப்பேரன்.

ஆகவே நான் வலைக்குப் பின்னாலிருந்து நகர்ந்துகொள்கிறேன். நீங்கள் வந்து நில்லுங்கள். கைக்குட்டை வலது பையில் இருக்கிறது. சங்கடப்படாதீர்கள், ஓவிலா முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான்.