திறந்து தொங்கிய கத்தரி

எங்கள் நர்சரி வாசலில் நிற்கும் மயிலுக்கு முதலில் நான் சொன்ன விலை ஒன்பது லட்சம். விற்பதற்காகச் சொன்ன விலை இல்லை, கேட்கிற ஆள் வாயை மூடிக்கொண்டு போவதற்காகச் சொன்னது. பேரம் பேசியே வளர்ந்த குடும்பம் எங்களுடையது. "தர மாட்டேன்" என்று சொல்ல எங்களுக்கு வாய் வராது, தொகையாகத்தான் வரும். ஒருமுறை ஒரு ஹோட்டல்காரர் முகம்கூடச் சுளிக்காமல் செக் எழுதப் பேனாவை எடுத்துவிட்டார். அன்றைக்கே விலையைப் பன்னிரண்டாக ஏற்றினேன்.

மயில் என்றால் பாக்ஸ் செடி. பொடி இலை, ஆமை வளர்ச்சி. கம்பிக்கூடு கட்டி, நுனி கிள்ளி, கத்தரித்துக் கத்தரித்து என் மனைவி அதை மயிலாக்கினாள். கழுத்து வளைந்து முடிவதற்குள் எங்கள் மகள் பள்ளிக்கூடத்தையே முடித்துவிட்டாள்.

இந்தச் செடிக்கு எமன் பூஞ்சைதான். ஈரத்தில் பிடிக்கும், கத்தரியில் ஏறிக்கொண்டு அடுத்த செடிக்குப் போகும். அதனால் ஈர இலையில் கத்தரி வைக்க மாட்டோம். தண்ணீரை வேரில்தான் விடுவோம், தலையில் ஊற்ற மாட்டோம். வேலை முடிந்த கத்தரியைத் துடைத்து, ஸ்பிரிட்டில் முக்கி, வாயைத் திறந்து ஆணியில் மாட்டுவோம். மூடித் தொங்கினால் அழுக்கு, திறந்து தொங்கினால் சுத்தம். திறந்த கத்தரியை யாரும் சந்தேகப்பட்டு மறுபடி முக்குவதில்லை. கூட்டு வியாபாரமே அந்த ஆணியில்தான் தொங்கியது.

கூட்டாளி என் மச்சான், மனைவியின் தம்பி. பாதிக்குப் பாதி.

மழை ஓய்ந்த ஒரு காலையில் அதே ஹோட்டல்காரர் வந்தார், கையில் ஒரு காய்ந்த கிளையோடு.

"சார், அதை உள்ள கொண்டுவராதீங்க! கேட்டுக்கு வெளியவே நில்லுங்க!"

"என்னங்க, தொட்டாலே ஒட்டிக்குமா? எங்க ஹோட்டல் பாக்ஸ் வேலி பூரா இப்படித்தான் காபிக்கறை பட்ட மாதிரி ஆகிக் கொட்டுது. உங்க மச்சான் கத்தரிச்சாச் சரியாயிடும்னாரு. ரெண்டு ஞாயித்துக்கிழமை மழையில நனைஞ்சுக்கிட்டே கத்தரிச்சாரு. தங்கமான மனுஷன், உங்க ரேட்டுல பாதிதான் வாங்குனாரு."

சிரித்தேன். அடி வாங்கிய வியாபாரிக்கு முதலில் வருவது சிரிப்புதான். அப்புறம்தான் நினைவு வந்தது: போன வாரம் மயிலின் கழுத்தைச் சீர் செய்தவன் நான். ஆணியில் திறந்து தொங்கிய கத்தரியை எடுத்துத்தான்.

மயிலிடம் ஓடினேன். கழுத்தில் பழுப்புப் புள்ளிகள். இலையை விலக்கினால் பச்சைக் குச்சியில் கறுப்புக் கோடுகள். விரல் பட்டதும் இலைகள் பொலபொலவென உதிர்ந்தன.

மச்சான் கொட்டகையில் தொட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தான்.

"ஞாயித்துக்கிழமை எங்க போன?"

"வீட்டுலதான் அத்தான்."

"வீட்டுக்கு ஹோட்டல்னு பேரு வச்சிட்டியா?"

தொட்டி அவன் கையிலேயே நின்றது. "ஏதோ கைச்செலவுக்கு…"

"கைச்செலவுக்குக் கேட்டிருந்தாக் குடுத்திருக்க மாட்டேனா? போகட்டும். கத்தரிய ஏன்டா முக்கல?"

"ஸ்பிரிட் டின் காலி. வாங்கிட்டு வந்தா எதுக்குன்னு கேப்பீங்க."

"அப்ப மூடி மாட்டியிருக்கலாமே!"

"மூடி மாட்டினா, லீவு நாள்ல இது எங்க போச்சுன்னு கேப்பீங்களே அத்தான். அதான் திறந்து மாட்டினேன்."

மறந்து செய்திருந்தால் திட்டித் தீர்த்திருப்பேன். இவன் யோசித்துச் செய்திருக்கிறான். என் நம்பிக்கை எந்தக் கோணத்தில் திறந்திருக்கும் என்று அளந்து வைத்துத் திறந்திருக்கிறான். மயிலின் கழுத்துக்கு நோயைக் கொண்டுபோனது என் கை, அனுப்பியது அவன்.

வாசலில் மனைவி நின்றாள். எல்லாம் கேட்டிருந்தாள். நேராகப் போய்ப் புது ஸ்பிரிட் டின்னை உடைத்து மயிலடியில் வைத்தாள். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தரியை முக்கி, கழுத்தை அடியோடு எடுத்தாள். தோகையில் பாதியும் போயிற்று. உதிர்ந்ததையும் மேல்மண்ணையும் நான் சாக்கில் அள்ளிக் கட்டினேன்.

மச்சான் சாக்கைப் பிடிக்கக் குனிந்தான். "அக்கா, நானும்…"

"கையெடு" என்றாள். "உன்னைய எதுல முக்குறதுன்னு இன்னும் தெரியல."

அவனைத் துரத்தவில்லை. பங்கைப் பிரித்தால் நர்சரியே இரண்டாகும். இப்போதும் வருகிறான், வேலை செய்கிறான், கத்தரியை என் கண்ணெதிரேயே முக்கித் திறந்து மாட்டுகிறான். அவன் போனதும் அதை எடுத்து நான் மறுபடி முக்குகிறேன்.

கணக்கு இப்படி நிற்கிறது. மயிலில் மிச்சம்: உடம்பும் பாதித் தோகையும், கழுத்து வெட்டின இடத்தில் ஒரு பச்சை மொட்டும். கழுத்து என் மனைவிக்கு நஷ்டம். தம்பியும்தான், அதை அவள் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஸ்பிரிட் செலவு இரட்டிப்பு. முதல் முக்கு நர்சரிக் கணக்கில். இரண்டாவது முக்கு மச்சான் பேரில் பற்று, வரவு இன்னும் வைக்கவில்லை.