தையில் அவிழ்த்த அத்தி

பட்டுப்போன அத்திமரத்தை அறுக்கத் திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு ஆள் வரும் என்று முற்றத்துக் கதவில் கட்டடத்துச் சங்கத் தலைவர் ழான்-மார்க் கடதாசி ஒட்டியிருந்தார். நாளைக்கு! வாசித்த கையோடு வீட்டுக்குள் போய், என் கணவருடைய வேலைப் பெட்டியிலிருந்து கைவாளை எடுத்துக்கொண்டு இறங்கினேன். மரம் செத்துத்தான் போயிற்று என்றால் அதை முதலில் நான் பார்க்க வேண்டும்.

பாரிசின் லா சப்பலில் இந்தக் கட்டடத்துக்கு வந்து ஒன்பது வருடம். அதில் எட்டு வருடம், படியில் எதிர்ப்படுகிறவர்களிடம் ஒரு பொன்ஜூர் வணக்கம் வாங்குவதே கல்லில் நார் உரிக்கிற வேலையாக இருந்தது. முற்றத்தில் நான் நட்ட அத்தி போன ஆவணியில் முதன்முதலாகப் பழுத்தது. தட்டில் வைத்துக்கொண்டு கதவு கதவாகத் தட்டினேன். அன்றிலிருந்து மூன்றாம் மாடி லாரா என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள். ழான்-மார்க்கும் நாலு பழம் வாங்கித் தின்றவர்தான். மரம் போனால் நான் மறுபடியும் படியில் எதிர்ப்படுகிற யாரோ ஒருத்தி.

மரத்தைக் கெடுத்ததும் நான்தான். கார்த்திகையில் பழைய போர்வையும் அரிசிச் சாக்கும் வைத்துப் பிள்ளையைப் போர்த்துவதுபோல் சுற்றிக் கட்டியிருந்தேன். பொங்கல் வந்தது. முற்றத்தில் காஸ் அடுப்பு வைத்துப் பொங்குவதாக ஏற்பாடு. சூரியனுக்குப் படைக்கிற இடத்தில் மரம் கந்தலோடு நிற்பதா? விடிய எழும்பி எல்லாவற்றையும் அவிழ்த்து, மஞ்சள் தண்ணீர் தெளித்தேன். தை பிறந்தால் வழி பிறக்கும்தானே! பாரிசுக்குத் தை எங்கே தெரியும்? மூன்றாம் நாள் மைனஸ் ஒன்பது பாகை குளிர். கிளையெல்லாம் கறுத்துச் சுருங்கிவிட்டது. இப்போது வைகாசி, ஓர் இலை இல்லை.

நுனியை நகத்தால் சுரண்டினேன். உள்ளே பச்சை இல்லை, மண்ணிறம். அறுத்தேன். ஒரு முழம் கீழேயும் அதே மண்ணிறம். அதையும் அறுத்தேன். தேத்தண்ணிக் கோப்பையோடு இவர் படியில் வந்து நின்றார்.

"இஞ்சாரும், நாளைக்கு வாறவன்ரை வேலையையும் நீரே செய்து குடுக்கிறீரோ?"

"சும்மா நில்லுங்கோ. உயிர் எதுவரைக்கும் நிக்குதெண்டு பாக்கிறன்."

சத்தம் கேட்டு ழான்-மார்க் வீட்டுச் செருப்போடு இறங்கி வந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமையில் மரம் அறுக்கக்கூடாதாம். நாளைக்கு நீங்கள் அறுக்கலாம், இன்றைக்கு நான் அறுக்கக்கூடாதா என்று என் அரைகுறைப் பிரெஞ்சில் கேட்டேன். மனிதர் கையைக் கட்டிக்கொண்டு பார்க்க நின்றார்.

இடுப்பளவு, தொடையளவு, முழங்காலளவு, கணுக்காலளவு என்று மரம் இறங்கிக்கொண்டே வந்தது. இதற்குக் கீழே அறுத்தால் வேர்தான். வாளை வைத்து இழுத்தேன். சரசரவென்று ஓடிய வாள் திடீரென்று இறுகியது. தூள் ஈரமாக வந்தது. துண்டு சரிந்து விழுந்ததும் வெட்டு வாயில் வெள்ளையாய் ஒரு துளி முட்டிக்கொண்டு நின்றது.

"பால்! இஞ்சை வாங்கோ! பால் வருது!"

இவர் கோப்பையைப் படியில் வைத்துவிட்டு ஓடி வந்தார். குனிந்து பார்த்தார். பொங்கலன்று அடுப்புப் பக்கம் தலை காட்டாத மனிதர், கட்டடமே அதிர, "பொங்கலோ பொங்கல்!" என்று கத்தினார். லாராவின் யன்னல் திறந்தது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. ழான்-மார்க் விரலை நீட்டினார்.

"தொடாதேங்கோ, பால் பட்டால் தோல் கடிக்கும்!"

பதற்றத்தில் தமிழில்தான் சொன்னேன். சட்டென்று கையை இழுத்துக்கொண்டார். எப்போது துளிர்க்கும் என்று கேட்டார். இந்த முறை நான் தமிழ் மாதம் பார்க்கவில்லை. "ஜூலை" என்றேன்.

அவர் கதவடிக்குப் போனார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துக் கடதாசியில் திங்கட்கிழமையை வெட்டினார். அந்த இடத்தில் வேறு நாள் எதுவும் எழுதாமல், பேனா மூடியைக் கடித்தபடி என்னையும் கட்டையையும் மாறி மாறிப் பார்த்தார். நான் அசையவில்லை. முதல் துளி பட்டையில் வழிந்து இறங்க, அது இருந்த இடத்தில் அடுத்த துளி முட்டிக்கொண்டு வந்தது.