எழுபத்திரண்டு

ஏணியிலிருந்து விழுந்தவர் எழுந்து உட்கார்ந்து, "ஏணிக்கு ஒண்ணும் ஆகலையே?" என்று கேட்டார். என் வீட்டுக்காரர் பெயின்டர். முப்பது வருஷம் ஊரார் வீட்டுச் சுவரெல்லாம் ஏறி இறங்கியவர், சொந்த வீட்டு ஜன்னலுக்கு வெள்ளை பெயின்ட் அடிக்கும்போது விழுந்தார். இடது விலா ஏணிப் படியில் மோதியிருந்தது. ரத்தம் ஒரு சொட்டுகூட இல்லை.

மகள் ஆம்புலன்ஸைக் கூப்பிடப் போனை எடுத்தாள். நான்தான் தடுத்தேன். இருபத்தாறு வருஷம் வார்டில் நர்ஸாக இருந்தவள், எனக்குத் தெரியாததா? மணிக்கட்டைப் பிடித்து ஒரு நிமிஷம் முழுசாக எண்ணினேன். எழுபத்திரண்டு. உள்ளே ரத்தம் கசிந்தால் நாடி ஓட்டம் பிடிக்கும். இது ஆற அமர நடந்துகொண்டிருந்தது.

"விலாவுல அடி, அவ்வளவுதான். ஊரைக் கூட்டாதே."

"நர்சம்மா சொன்னா அப்பீலே கிடையாது," என்றார் இவர்.

அரை மணியில் தண்ணீர் கேட்டார். மறுபடியும் கேட்டார். கொட்டாவி விட்டார். தலையணையைத் திருப்பித் திருப்பிப் போட்டார். நெற்றி ஈரமாய், ஜில்லென்றிருந்தது. திரும்ப எண்ணினேன். எழுபத்து நான்கு. அந்த எண்ணைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

"அப்பா முகம் வெளுத்துப்போச்சும்மா," என்றாள் மகள்.

"சும்மா இரு. நாடி நல்லாத்தான் இருக்கு."

இன்னொரு டம்ளர் எடுக்க அலமாரிக்குப் போனேன். மாத்திரைப் பெட்டி திறந்திருந்தது. இன்றைய காலைக்கான குழி காலி. பிரஷருக்காக, நெஞ்சுத் துடிப்பை அடக்கி வைக்கிற மாத்திரை. ஏழு மணிக்கு நானே கொடுத்து, விழுங்கும்வரை நின்று பார்த்தேன். உடம்பு எவ்வளவு பதறினாலும் அந்த நாடி ஓடாது. ஓடவிடாமல் கட்டிப்போட்டவளே நான்தான். மகள் கையிலிருந்த போனைப் பிடுங்கி நானே ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன்.

ஆம்புலன்ஸில் வந்த பெண், "பிரஷர் எண்பதுதாம்மா இருக்கு. விழுந்து எவ்வளவு நேரமாச்சு?" என்று கேட்டாள்.

"ஒண்ணேகால் மணி நேரம்."

அவள் டிரைவரைச் சீக்கிரம் போகச் சொன்னாள். ஆஸ்பத்திரிக்கு இன்னும் பத்து நிமிஷம் இருந்தது. எனக்குச் செய்ய ஒரு வேலையும் இல்லை.

இவர் கண்ணைத் திறக்காமல், "எவ்வளவு இருக்கு, நர்சம்மா?" என்றார்.

"எழுபத்தாறு."

"அப்புறம் என்ன," என்றார்.

அவர் கட்டைவிரலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். நகம் முழுக்கப் பெயின்ட். என் நகத்தால் சுரண்டினேன். அடியிலும் வெள்ளையாகத்தான் இருந்தது. அழுத்தி விட்டுவிட்டு, சிவப்பு திரும்பி வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.