மூன்றாவது அளவு

புது மாத்திரை ஆய்வுக்கு எங்கள் மருத்துவமனையில் நர்ஸ்களுக்குப் பயிற்சி கொடுத்தது நான்தான். நாற்பது ஸ்லைடு, பத்துக் கேள்வி. எல்லாரும் முழு மதிப்பெண் வாங்கினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தப் பெருமையில் மண் விழ மூன்று வாரம்கூட ஆகவில்லை.

இன்று காலை பிரஷர் மெஷினில் பதிவான பழைய அளவுகளைத் தட்டிப் பார்த்தேன். ஆய்வு மாத்திரை போடும், ஓய்வு பெற்ற பஸ் டிரைவர் ஒருவருக்குப் போன வாரம் 168, 156, 138 என்று மூன்று இருந்தன. படிவத்தில் 138 மட்டும். ஐந்து நிமிடம் உட்கார வைத்து எடுக்கும் முதல் அளவைத்தான் எழுத வேண்டும். மாத்திரையே பிரஷரை ஏற்றுகிறதா என்று அதை வைத்துத்தான் கண்டுபிடிப்பார்கள்.

அளவெடுத்த நர்ஸைக் கேட்டேன். இருபது வருடம் வார்டில் இருந்தவள். பயத்தில் ஏறியிருக்கும் என்று தண்ணீர் கொடுத்து, பேச்சுக் கொடுத்து, இறங்கிய பிறகு எழுதினாளாம். வார்டில் அதற்கு நல்ல பெயர்தான் கிடைக்கும். திட்ட வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். தேர்வில் அந்தக் கேள்விக்குச் சரியாகத்தான் டிக் அடித்திருந்தாள். அவள் கையில் மெஷினைக் கொடுத்து ஒரு தடவையாவது நான் பக்கத்தில் நின்று பார்த்தேனா? இல்லை.

டிரைவர் இன்று வரவேண்டிய நாள். காலை மாத்திரையைப் போடாதீர்கள் என்று சொல்ல எட்டு முறை போன் போட்டேன். எடுக்கவில்லை. எங்காவது விழுந்து கிடக்கிறாரோ? நாற்காலியில் இருப்புக் கொள்ளாமல் வாசலுக்கும் அறைக்குமாக நடந்தேன்.

பதினொரு மணிக்குச் சாவகாசமாக வந்து சேர்ந்தார். போன் வீட்டில் சார்ஜில் இருக்கிறதாம். மாத்திரையைப் போட்டுவிட்டுத்தான் வந்தாராம்.

நர்ஸ் ஐந்து நிமிடம் உட்கார வைத்தாள். இந்தத் தடவை தண்ணீரும் இல்லை, பேச்சும் இல்லை. மெஷின் 174 காட்டியது.

"பஸ்ல நின்னுக்கிட்டே வந்தேன்ல, அதான். இன்னொரு தடவ பாரும்மா, கொறஞ்சிடும்," என்று டிரைவர் சிரித்தார்.

அவள் கை மெஷின் பட்டனுக்குப் போய்விட்டது. எனக்கு நாக்கு துடித்தது. கடித்துக்கொண்டு நின்றேன்.

கை பாதியிலேயே நின்றது. பேனாவை எடுத்து 174 என்று எழுதினாள்.

"கொறையும்ணே. கொறைக்க எனக்குத் தெரியும். ஆனா வீட்ல உங்களை இப்படி ஒக்கார வெச்சுப் பேசிட்டிருக்க யாரு இருக்கா? இருங்க, டாக்டரக் கூப்பிடறேன்."

டிரைவரின் சிரிப்பு போய்விட்டது.

"அப்ப போன வாரம் நல்லா இருக்குன்னு சொன்னீங்களே?"

கதவருகே போனவள் நின்று என்னைப் பார்த்தாள்.

"அது நாங்க எறக்கின நம்பர்ணே," என்றேன்.