நாலு மில்லிஆம்பியர்

அமிலத் தொட்டியின் அளவு திரையில் 0.0 என்று நின்றது. டிகிரிக்கு அது பிடிக்கவில்லை. கண்ட்ரோல் ரூமில் அவளுக்கு அதுதான் பெயர், அவள் வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் என்று தெரிந்த நாளிலிருந்து.

உயிருள்ள சிக்னல் சும்மா இருக்காது. 0.1, 0.0, 0.2 என்று கொஞ்சமாவது துள்ளும். இது கால் மணி நேரமாக அசையவே இல்லை. அந்த எண்ணை நம்பித்தான் காலையில் 'தொட்டி காலி' என்று வேலைக்கான பர்மிட்டில் கையெழுத்துப் போட்டிருந்தாள். அந்தப் பர்மிட்டை வைத்துக்கொண்டு இப்போது தொட்டியின் அடிமூடியைக் கழற்றிக்கொண்டிருப்பவர் அவளுடைய அப்பா. காண்டிராக்ட் ஃபிட்டர்.

மல்டிமீட்டரைத் தூக்கிக்கொண்டு பேனலுக்கு ஓடினாள். தொட்டியிலிருந்து வரும் கம்பியில் மீட்டரைக் கோத்தாள். பூஜ்யம்.

காலித் தொட்டி நாலு மில்லிஆம்பியர் மின்சாரம் அனுப்பும், நிறைந்த தொட்டி இருபது. ஒன்றுமே வரவில்லை என்றால் தொட்டி காலி என்று அர்த்தமில்லை. கம்பி அறுந்திருக்கிறது.

"சார், லைன் கட் ஆயிருக்கு. உள்ள எவ்வளவு இருக்குன்னு நமக்குத் தெரியாது. வேலைய நிறுத்தச் சொல்லுங்க."

இன்ஜினியர் டீ கப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "சைபர்னா சைபர்தானம்மா. கம்ப்யூட்டர் என்ன, உன்ன மாதிரி கனவா காணுது?"

"காலின்னா நாலு வரணும் சார். இங்க ஒண்ணுமே வரல. கம்பி அறுந்தா அலாரம் அடிக்கணுமே, ஏன் அடிக்கல?"

"நான்தான் ஆஃப் பண்ணி வச்சேன். எப்பப் பாத்தாலும் நைநைன்னு கத்திக்கிட்டு இருந்துச்சு."

அவள் மேஜையிலிருந்த வாக்கிடாக்கியைப் பிடுங்கினாள். "அப்பா, போல்ட்டத் தொடாத! கழட்டினத திரும்ப இறுக்கு!"

கொரகொரப்புக்கு நடுவே அப்பாவின் குரல் வந்தது. "எட்டுல அஞ்சு கழட்டியாச்சேம்மா. சார் சொல்லட்டும், நிறுத்திடறேன்."

அவள் சாரைப் பார்த்தாள்.

"வேல நின்னா மேல யாரு பதில் சொல்றது? உங்கப்பனா?"

அவளுக்குக் கோபம் தலைக்கேறியது. பெற்ற மகள் தொண்டை கிழியக் கத்தினாலும் அப்பாவின் காதில் ஏறாது, இந்த ஆள் முனகினால் ஏறும்! சுவரிலிருந்த சிவப்புப் பொத்தானின் கண்ணாடியை முழங்கையால் உடைத்து அழுத்தினாள். ஆலை முழுக்கச் சைரன் அலறியது. அதற்கு மட்டும் எந்த சாரும் சொல்லத் தேவையில்லை. போட்டது போட்டபடி எல்லோரும் வெளியே ஓடினார்கள்.

கவச உடை போட்ட தீயணைப்புக்காரர் தொட்டி மேல் ஏறி, அளவுகோலை உள்ளே விட்டுப் பார்த்தார். முக்கால் தொட்டி அமிலம். அடிமூடியை மூன்று போல்ட்டுகள்தான் பிடித்துக்கொண்டிருந்தன, கழற்றிய பக்கம் கசிய ஆரம்பித்திருந்தது. அவருடைய ஆட்கள் மற்ற ஐந்தையும் போட்டு இறுக்கினார்கள்.

சாரின் முகம் செத்துப்போயிருந்தது. ரிஜிஸ்தரை அவளிடம் நீட்டினார். "சைரன் டெஸ்ட்னு எழுதிடும்மா. பர்மிட்ல உன் கையெழுத்தும் இருக்கு, மறந்துடாத. பர்மனென்ட் ஆகணும்ல?"

அப்பா அவள் கையைப் பிடித்தார். "எழுதிடேம்மா. வேல போயிடும்."

"எனக்கு வேலதான் போகும்ப்பா. உனக்கு என்ன போயிருக்கும்?"

அப்பா கையை விட்டார்.

'மீட்டர் வைத்துப் பார்க்காமல் தொட்டி காலி என்று கையெழுத்திட்டது நான்' என்று எழுதினாள். அடுத்த வரியில், கம்பி அறுந்தால் அடிக்க வேண்டிய அலாரத்தை நிறுத்தி வைத்தது யார் என்பதையும் எழுதி, ரிஜிஸ்தரை அவர் பக்கம் தள்ளினாள்.

"படிச்சுப் பாத்துட்டு நீங்களும் கையெழுத்துப் போடுங்க சார்."