வாரத்துக்கு விட்ட கோழி

விளாங்குடியில் சேவல் கூவினால் எல்லாரும் கோபப்படுவதில்லை. சின்னச்சாமி படுவார். பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். காலமெல்லாம் விடியக்காலை வண்டியெடுத்த மனிதர் இனியாவது வெயில் ஏறி எழலாம் என்றால், பக்கத்து வீட்டு ராக்கம்மாளின் சேவல் விடுவதாயில்லை. மாநகராட்சியில் புகார் கொடுத்துவிட்டு வந்து, பெரிய காரியம் சாதித்தவர்போல் மனைவி பாண்டிமீனாவிடம் சொன்னார். அவள் கொல்லைப்பக்கம் போய், ராக்கம்மாள் வீட்டுக் கோழிக்கூண்டை எட்டிப் பார்த்தாள்.

அந்தக் கோழிகளில் பாதி அவளுடையவை. வீட்டில் கோழி வளர்க்க வழியில்லாமல் போனதால், ஒரு பெட்டைக்கோழி வாங்கி ராக்கம்மாளிடம் வாரத்துக்கு விட்டிருந்தாள். கோழி இவளது, வளர்க்கும் பாடு அவளது, பொரிக்கும் குஞ்சில் ஆளுக்குப் பாதி. கிராமத்தில் ஊரறியச் செய்கிற காரியம்தான். புருஷனுக்குப் பயந்து இவள் அதைத் திருட்டுத்தனமாகச் செய்தாள்.

சுகாதார ஆய்வாளர் வந்தார். சின்னச்சாமி சட்டை மாட்டிக்கொண்டு தெருவில் நின்றார். கூண்டு சுத்தமாக இருக்கிறது, பெட்டைக்கோழிகளை அடைத்து வளர்த்தால் தொந்தரவில்லை, ஆனால் சேவலை அப்புறப்படுத்த வேண்டும், தவறினால் அபராதம் என்றார் ஆய்வாளர். இதெல்லாம் யாருடையது என்று கேட்டார். ராக்கம்மாள் பாண்டிமீனாவை ஒருமுறை பார்த்தாள். எல்லாம் தன்னுடையதுதான் என்றாள்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் பாண்டிமீனாவுக்கு ஒரு குறையும் வராது. வீட்டில் சண்டை இல்லை, தெருவில் பேச்சு இல்லை. தனக்காக இன்னொருத்தி தலைகுனிந்து நிற்பதைத்தான் அவளால் சகிக்க முடியவில்லை.

"சார், சேவல் என்னோட பங்கு. நானே ஊர்ல கொண்டுபோயி விட்டுர்றேன். ராக்கம்மா மேல எதுவும் எழுதாதீங்க."

ஆய்வாளர் புகார் கொடுத்தவரைப் பார்த்தார். தெருவே பார்த்தது. சின்னச்சாமி சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மத்தியானம் சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்துதான் வாயைத் திறந்தார்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

பாண்டிமீனா ரசத்தை ஊற்றினாள். கோபம்கூட அவளுக்கு இல்லை, அலுப்புத்தான் இருந்தது.

"கோழி வளக்கணும்னு எம்புட்டுத் தடவை கேட்டேன். ஒருநாளும் உங்க காதுல விழுகல. அடுத்த வீட்டுச் சேவல் கூவுனது மட்டும் விழுந்துருச்சு."