போர்ட் பிளேர் கிளை, பெண், ஐம்பதுக்கு மேல்

1

இது திருட்டுக் கதை. பக்கத்து மேசை ருக்குவின் கம்ப்யூட்டர் திரையை எட்டிப் பார்த்துத் திருடினேன்.

ருக்கு என்பது அவர் பெயர் அல்ல. அவர் வீடு ‘மின்னி பே’ பகுதியில் என்று எழுதிவிட்டு, பயந்து ‘மரைன் ஹில்’ பகுதிக்கு மாற்றினேன். என்ன பிரயோஜனம்? இந்த ஊரில் சாஃப்ட்வேர் கம்பெனி என்று வாயைத் திறந்தாலே மீன் மார்க்கெட்டில் ஆளைச் சொல்லிவிடுவார்கள்.

2

‘கடலில் மழை பெய்துகொண்டிருந்த ஒரு காலையில் ருக்கு —’

வேண்டாம், எனக்கே கொட்டாவி வருகிறது.

ஆபீசில் மொத்தம் பதினோரு பேர். முன்பெல்லாம் யார் வீட்டு ஆள் சென்னையிலிருந்து கப்பலில் வந்தாலும், மேனேஜர் சந்திரமோகனே ஆபீஸ் வேனை கப்பல் வந்து நிற்கும் ஜெட்டிக்கு ஓட்டிப்போவார். மூட்டை தூக்க இரண்டு பேர் கூடப் போவார்கள். ஆபரேஷன் முடிந்து வந்த ருக்குவின் கணவரை ஸ்ட்ரெச்சரில் இறக்கியவன் நந்தகுமார்.

போன வருஷம் மெயின்லேண்ட் கம்பெனி ஒன்று எங்களை வாங்கியது. சுவரில் ‘நாம் ஒரே குடும்பம்’ என்று போஸ்டர் வந்தது. லீவை இரண்டு நாள் முன்பே சொல்ல வேண்டும் என்ற விதியும் கூடவே வந்தது. (அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: காற்றடித்தால் கப்பல் ஒரு நாள் தள்ளி வரும். அதை அது யாரிடமும் முன்பே சொல்வதில்லை.)

நந்தகுமார் அம்மாவைக் கூட்டிவர லீவு போட்டான். கப்பல் மறுநாள்தான் வந்தது. மறுநாளும் போனான், வார்னிங் லெட்டர் வாங்கினான். இன்னொன்று வந்தால் வேலை போய்விடும். அதில் கையெழுத்துப் போட்ட சந்திரமோகன் அன்று மதியம் சாப்பிடவில்லை, பாவம்.

3

பிறகு ஒரு படிவம் வந்தது. ‘மனம் திறந்து சொல்லுங்கள், பெயர் வேண்டாம்.’ உங்களைப் பற்றிக் கேட்டது கிளை, ஆணா பெண்ணா, வயது, அவ்வளவுதான்; அதன் கீழே ஐந்துக்கு மார்க் போடச் சில கேள்விகள். மூன்றையும் நிரப்பிவிட்டு ருக்கு சிரித்தார்.

“பேர் வேணாங்கிறான், மத்ததெல்லாம் கேக்குறான் பாரு தம்பி. இங்க அம்பது தாண்டின பொம்பள நான் ஒருத்திதான?”

“எல்லாத்துக்கும் அஞ்சு மார்க் போட்டுடுங்கக்கா. டென்ஷன் எதுக்கு?”

“போடலாம். அப்புறம் நந்துவுக்காக யாரு பேசுறது?”

அவர் கணவரின் மருந்து இந்தச் சம்பளத்தில்தான் வருகிறது. என் வயதில் ஆண்கள் ஆறு பேர். நான் எதை எழுதினாலும் மாட்டமாட்டேன். அப்படியும் எல்லாவற்றுக்கும் ஐந்து போட்டுவிட்டேன், வெட்கமாக இருக்கிறது.

4

கதைக்கு முடிவு ஒன்று: ருக்குவும் ஐந்து போடுகிறார். வேலை பத்திரம்.

முடிவு இரண்டு: அவர் எழுதியதைப் படித்து மெயின்லேண்டில் ஓர் அதிகாரி கண்கலங்கி, விதியை — (நானே நம்பவில்லை. விடுங்கள்.)

பத்திரிகைக்கு அனுப்பும் முன், இதுவரை எழுதியதை அச்செடுத்து அவரிடமே கொடுத்தேன். நிதானமாகப் படித்தார்.

“டீக், நல்லாத்தான் இருக்கு. ஸ்ட்ரெச்சர் விஷயத்த மட்டும் எடுத்துடாத. தலைப்புக்குக் கீழ உன் பேர் போடுவியா?”

“புனைபெயர்தான்க்கா.”

“அச்சா.”

திட்டியிருந்தால் தேவலை. திரும்பி உட்கார்ந்து, இன்னும் அனுப்பாமல் வைத்திருந்த படிவத்தில் ‘வேறு கருத்துகள்’ என்ற பெட்டியில் தன் முழுப் பெயரைத் தட்டினார். அதன் கீழே கப்பல் வர வேண்டிய தேதி, வந்த தேதி, நந்தகுமார் ஜெட்டியில் காத்திருந்த நேரம். ‘அனுப்பு’ பொத்தானுக்குப் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“ரெண்டு பேரும் பேர் போட்டு ஒண்ணா அனுப்பலாம்னு பாத்தேன் தம்பி. நான் இத, நீ கதைய.”

இங்கே நிறுத்துகிறேன். மிச்சத்தை நீங்களே பார்த்துக்கொள்ளலாம். மேலே போய்த் தலைப்பின் கீழே பாருங்கள். அங்கே என் பெயர் இருந்தால், இருவரும் சேர்ந்து அனுப்பினோம்.

இல்லையென்றால், அவர் தனியாக அனுப்பினார்.